தம்பிரானுக்கு விட்ட கிடாரி

“மாட்டுக்கார மலைச்சாமியோட மாயக்கா ஓடிட்டான்னு இன்னொரு வாட்டி சொன்ன, முனீஸ்வரி, இந்தக் கொடத்துத் தண்ணி ஒந்தலையிலதான்” என்றேன் குழாயடியில்.

“ஒங்க ஓரகத்திய நீங்கதான் மெச்சிக்கணும் மதினி. தம்பிரான் மாடு கணக்காத் திரியிறவள வேற எப்படிச் சொல்ல?”

அர்த்தம் தெரியாமல் பேசுகிறாள். தம்பிரான் என்றால் தலைவன், சாமி. கம்பத்துப் பக்கம் சாமிக்கு நேர்ந்துவிட்ட மாடுதான் தம்பிரான் மாடு. அதற்கு மூக்கணாங்கயிறு கிடையாது. ஏரில் பூட்டக் கூடாது, பால் கறக்கக் கூடாது. விட்ட வீட்டுக்காரர் திரும்பக் கேட்கவும் முடியாது. நான் நம்பியிருந்தது அந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

மாயக்காள் என் கொழுந்தன் பெண்டாட்டி. அவன் செத்து மூன்று வருசமாகிறது. பிறந்த வீட்டுச் சீராக அவள் ஓட்டிவந்த பசு ஈன்ற தலைச்சன்தான் அந்தச் செவலைக் கிடாரி. அவள் குரல் கேட்டால் ஓடிவந்து கழுத்து வியர்வையை நக்கும். என்னைக் கண்டால் கொம்பை ஆட்டும். தாய்ப்பசுவும் அப்படித்தான். நான் மடியில் கைவைத்தால் பாலை அடக்கிக்கொள்ளும். அவள் உட்கார்ந்தால் சொம்பு நுரைத்து வழியும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி காப்பியைக் குடித்துவிட்டு, “மாயக்கா கை ராசியான கை” என்றார். இத்தனை வருசம் நான் போட்ட காப்பிக்கு ஒரு வார்த்தை சொல்லாத மனுசன். அந்தக் கிடாரியை அவளிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் எல்லாரும் சாப்பிடும்போது சொன்னேன். “ஐப்பசியில இந்தக் கெடேரி கழிச்சல்ல கெடந்துச்சுல்ல, பொழச்சா ஒனக்கே விட்டுர்றேன்னு தம்பிரானுக்கு நேந்துக்கிட்டேன்.”

நேரவே இல்லை. பொய். சாமி பெயரைச் சொன்னபிறகு யார் மறுப்பார்கள்?

மாயக்காள் மட்டும் என் முகத்தையே பார்த்தாள். “நெசமாவா அக்கா?”

“சாமி விசயத்துல பொய் சொல்வாகளா?”

மாட்டுப்பொங்கலன்று மலைச்சாமி வந்தான். சாமி மாடுகள் நிற்கும் தொழுவைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். கிடாரியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான். அது நகரவில்லை. மாயக்காள் அதன் முதுகில் தட்டி, “போ ஆத்தா” என்றாள். அப்போதும் நின்றது. அவள் உள்ளே போய், மாற்றுச்சேலை ஒன்றை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

“எங்கன போற?”

“தொழுவுல சாணி அள்ள ஆள் வேணுமாம். கெடேரியத்தான நேந்தீக அக்கா. என்னையும் சேத்து நேந்ததா வச்சுக்கங்க.”

வாசல்படி இறங்கினாள். கயிறில்லாமலே கிடாரி அவள் பின்னால் போனது. மலைச்சாமி பத்தடி தள்ளித்தான் நடந்தான், நான் பார்த்தேன். கட்டுத்தறியில் தாய்ப்பசு கத்தியது. ஒரு கை புல்லை நீட்டினேன். அது தெருவையே பார்த்துக்கொண்டு நின்றது.