கட்டருக்குத் தப்பிய கிளை

முனிலட்சுமி வெட்டிய ரோஜாக்கள் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் விமானம் ஏறியிருக்கும் என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் ஒரு ரோஜாகூடச் செடியில் முழுசாக விரிந்து நின்று அவள் பார்த்ததில்லை. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடிலில் வேலை அப்படி. வாய் திறக்குமுன் மொட்டாகவே வெட்டிவிட வேண்டும், விரிந்தால் கழிவு. கல்யாணமாகி மத்திகிரிக்கு வந்ததிலிருந்து இதுதான் அவள் பிழைப்பு.

அதனால்தான், முதலாளி அழகுக்கு வாங்கி மீந்துபோன ஜப்பான் அசேலியாக் கன்றைக் குப்பையில் போடப் போனபோது, நான் கொண்டுபோகட்டுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டாள். வருஷம் பூராவும் இலை உதிர்க்காத, முழங்கால் உயரக் குத்துச்செடி. பூத்தால் இலையே தெரியாதாம். வெட்ட வேண்டாத ஒரு பூ தன் செடியில் விரிவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

வாடகை வீட்டின் வடக்குச் சுவரோரம் மண்ணை மேடாக்கி, தேங்காய் நார்த்தூளும் மக்கிய சில்வர் ஓக் இலையும் கலந்து நட்டாள். சுண்ணாம்பு கலந்த போர்வெல் தண்ணீர் ஊற்றினால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் மஞ்சளாகிவிடும். அதற்கென்றே பக்கத்தில் டிரம் வைத்துக் கூரை மழைத்தண்ணீரைப் பிடித்தாள். வேர் மேலாகவே ஓடும் என்பதால் கொத்தாமல் கையால் புல் பிடுங்கினாள். என் அம்மாவுக்குக்கூட இவ்வளவு பணிவிடை நடந்ததில்லை என்று கணவன் கிருஷ்ணப்பன் சொல்லிக் காட்டினான். அதில் பொய்யும் இல்லை.

வீட்டுக்காரி நஞ்சம்மாவுக்கோ அந்த இடத்தில் மகன் பைக்குக்கு ஷெட் போட வேண்டும். "இந்த உகாதிக்குள்ள பூத்தா இருக்கட்டும் முனிலட்சுமி. இல்லன்னா புடுங்கிருவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

இங்கேதான் நம் ஆள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினாள். பிப்ரவரி காதலர் தினத்துக்கு ரோஜா வேண்டுமென்றால் கார்த்திகையில் ஒட்ட வெட்ட வேண்டும் என்பது பண்ணையில் எல்லோருக்கும் அத்துப்படி. அசேலியாவையும் அதே கார்த்திகையில் அப்படியே வெட்டினாள். கட்டரைத் துடைத்து, சாமி கும்பிட்டு, கண்ணில் பட்ட நுனி ஒன்றையும் விடவில்லை. மறுநாள் பெருமையாக ஃபோனில் படம் காட்டியபோது சூப்பர்வைசர் ஜெகதீஷ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இது ரோஜா இல்லக்கா. மழைக்காலத்துலயே நுனியில மொட்டு கட்டிரும். பூ முடிஞ்ச கையோட வெட்டியிருக்கணும். நீங்க வெட்டிப்போட்டது பூராவும் மொட்டுதான்."

முனிலட்சுமி தன் கையையே பார்த்தாள். காலமெல்லாம் மொட்டு வெட்டிய கை, வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்திருக்கிறது. அழுதாள். ஆனாலும் டிரம் தண்ணீரை மொண்டு ஊற்றுவதை நிறுத்தவில்லை.

மாசியும் போனது. செடியில் இலையைத் தவிர ஒன்றுமில்லை. உகாதிக்கு முந்தின நாள், சுவரோரம் கழுவிவிடலாம் என்று டிரம்மை நகர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே, தரையோடு தரையாக ஒரு கிளை போயிருந்தது. கட்டர் எட்டாத கிளை. அதில் இலையே தெரியவில்லை. கொத்துக்கொத்தாக, கண் கூசும் ரோஸ் நிறத்தில், ஒவ்வொரு பூவும் தொண்டைவரை திறந்து கிடந்தது. உள்ளே பொடிப்பொடியாய்ப் புள்ளிகள், வெளியே நீண்ட மெல்லிய இழைகள். பூவுக்குள் இவ்வளவு இருக்கிறதா? இத்தனை வருஷம் பூவாலேயே சோறு தின்றவளுக்கு இது தெரியாது. மூச்சு பட்டால் உதிர்ந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நஞ்சம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு உகாதிப் பூஜைக்கு ஒரு கொத்து வெட்டிக் கொடு என்றாள். கேட்ட மாத்திரத்தில் முனிலட்சுமியின் கை பழக்கத்தில் இடுப்பில் கட்டரைத் தேடியது. பிறகு தானாகவே நின்றது.

"வேணாங்கக்கா. நீங்க இங்க வந்து கும்பிட்டுக்கங்க."

வீட்டுக்காரியிடம் இப்படிச் சொல்ல எங்கிருந்து தைரியம் வந்ததோ, அவளுக்கே தெரியவில்லை. நஞ்சம்மா எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் விளக்கும் வேப்பம்பூ வெல்லமும் ஏந்திக்கொண்டு அவளே டிரம் பக்கம் வந்தாள். மகனின் பைக் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.