பேசாத கதாநாயகன்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் எங்களுக்குப் பெயர் கிடையாது. ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். நான் தாம்பரம். எனக்கு அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவர் சானடோரியம் அக்கா. இன்னும் கொஞ்சம் தள்ளி ஏறுகிறவள் பல்லாவரம். எண்பதுகளின் நடுவில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து காதல் நாவல் படித்தோம்.

நான் அப்போது பாரிமுனையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அக்காவுக்கு எழும்பூரில் அரசாங்க உத்தியோகம். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால், “டயம் கிடைக்கலை” என்பார். பல்லாவரம் எங்களில் சின்னவள். அவள் அப்பா தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி. அவளுக்கு மாம்பலத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள் போலிருக்கிறது. ரயிலிலும் அந்தப் பேச்சு நிற்காது.

ஒரே நாவலை மூன்று பேரும் ஒரே நேரத்தில் படிக்க ஒரு வழி வைத்திருந்தோம். ஸ்டேஷன் கடையில் மாத நாவல் வந்ததும் நான் வாங்கி, பின்னைப் பிரித்து, மூன்றாகக் கிழித்துவிடுவேன். பல்லாவரத்துக்கு முதல் பகுதி. எனக்கு நடுப்பகுதி. அக்கா எப்போதும் கடைசிப் பகுதியைத்தான் முதலில் கேட்பார். “முடிவு தெரிஞ்சுட்டா பயமில்லாம படிக்கலாம்டி” என்பார். படித்ததை மாற்றிக்கொள்வோம். கிண்டி வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

சண்டையெல்லாம் கதாநாயகனைப் பற்றித்தான். எங்கள் நாவல்களின் கதாநாயகன் உயரமானவன், பணக்காரன், சிரிக்காதவன். மனைவியோடு பேசமாட்டான். ஜன்னல் ஓரம் நின்று வெளியே பார்ப்பான். கடைசி அத்தியாயத்தில் அவன் ஏன் அப்படி ஆனான் என்று தெரியும். யாரோ ஒருத்தி ஏமாற்றியிருப்பாள், இல்லாவிட்டால் அம்மா விட்டுவிட்டுப் போயிருப்பாள். கதாநாயகி அழுவாள். அவன் அவளை அணைத்துக்கொண்டு பேசுபேசென்று பேசுவான். பல்லாவரத்துக்கு அவன் என்றால் உயிர்.

“பேசாதவங்கதான்க்கா உள்ள அவ்ளோ பாசம் வெச்சிருப்பாங்க” என்பாள்.

“உள்ள வெச்சு என்ன பண்றது, ஊறுகாயா போடறது?” என்பார் அக்கா. அவருக்குக் கதாநாயகிகள் மேலும் கோபம் உண்டு. “இதுல எவளாவது சீசன் டிக்கெட் எடுத்திருக்காளா? எவளாவது ரேஷன் கடையில நின்னிருக்காளா? நாள் பூரா அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு அழுதுக்கிட்டே இருந்தா அடுப்ப யார் பத்த வெக்கறது?”

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியென்று தோன்றும். அழுகிற இடங்களில் நானும் அழுதிருக்கிறேன். குரோம்பேட்டையில் கனகாம்பரம் விற்க ஏறும் அம்மாவும் எங்கள் கட்சிதான். படிக்கத் தெரியாது. கதை மட்டும் விட்டுப்போகக் கூடாது. “இன்னாமே, அந்த ஆளு வாயத் தொறந்தானா இல்லியா?” என்று கேட்டுவிட்டுத்தான் பூவை முழம் போடும்.

பல்லாவரத்தைப் பெண் பார்க்க வந்த மறுநாள் அவள் ரயிலில் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கிண்டி எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை. சேலையூரில் வீடு. நல்ல உயரம். வந்ததிலிருந்து போகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். பஜ்ஜி வைத்தபோது நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தானாம்.

“அப்படியே நம்ம ஆளுக்கா” என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா மட்டும், “ஏதாவது கேட்டியாடி அவனை?” என்றார். “கேக்க என்னக்கா இருக்கு?” என்றாள் அவள்.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்கு வந்தாள். இப்போது தாம்பரத்தில் என்னோடுதான் ஏறினாள். ஆனாலும் எங்களுக்கு அவள் பல்லாவரம்தான். முதல் மாதங்களில் தினமும் ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவர் பேசமாட்டார், ஆனால் சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டார். அவர் பேசமாட்டார், ஆனால் அவள் குடையை எடுத்து வாசலில் வைத்திருந்தார். கதையில் வருகிற மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துக் காட்டினாள். நாங்களும் தலையாட்டினோம்.

மழைக்காலத்தில் அவளுக்குக் கடுமையான ஜுரம் வந்தது. ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. எங்கள் நாவல்களில் கதாநாயகிக்கு ஜுரம் வந்தால் கதை திரும்பும். அவன் ஈரத்துணியை நெற்றியில் வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பான். உளறலில் அவள் அவன் பெயரைச் சொல்வாள். பல்லாவரம் திரும்பி வந்ததும் நாங்கள் கேட்காமலே சொன்னாள்.

“மாத்திரை வாங்கி மேஜை மேல வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டார்க்கா. தண்ணி கூட வெச்சிருந்தார். டம்ளரை மூடி வெச்சிருந்தார்.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

அதற்குப் பிறகு அவள் காரணம் தேட ஆரம்பித்தாள். கடைசி அத்தியாயத்தில் வருகிற அந்தக் காரணத்தை. அவர் அலமாரியில் பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். அவர் வேலை செய்யும் இடத்தில் விசாரித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு கோவளம் கடற்கரைக்குப் போனார்கள். அவர் படகுகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். அவள் நாத்தனாரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறாள். அவருக்கு முன்னாடி யாரையாவது பிடித்திருந்ததா, ஏதாவது நடந்ததா என்று.

மறுநாள் ரயிலில் எங்களிடம் சொன்னபோது அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

“அவங்க சிரிச்சிட்டாங்கக்கா. ‘அவனுக்கா? அவன் பொறந்ததிலேர்ந்தே இப்படித்தான், எங்கம்மாகிட்டயே பேசமாட்டான். நீ மனசுல எதையும் வெச்சுக்காத’ன்னாங்க. ஒண்ணுமே இல்லையாம். ஒரு பொண்ணு இருந்திருந்தா கூட நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு.”

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மாம்பலம் வரும்வரை விடவில்லை.

அடுத்து வந்த பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா கெட்டவர் இல்லை. எதிரே உட்காரவைத்து விசாரித்திருக்கிறார்.

“அடிக்கிறானா?”

“இல்லப்பா.”

“குடிக்கிறானா?”

“இல்ல.”

“வேற யார் கூடவாவது தொடர்பா?”

“இல்ல.”

“அப்ப நான் போய் என்னான்னு கேப்பேன்? என் பொண்ணுகிட்ட ஏன் பேசலன்னா? சிரிக்க மாட்டாங்களா?”

கொஞ்ச நாளில் அவரே கொண்டுபோய் சேலையூரில் விட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை கதவைத் திறந்து, அவள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். எங்கே போனாய், ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. “கேட்டு ரெண்டு திட்டு திட்டியிருந்தா அழுதிருப்பேன்க்கா” என்றாள்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. “என் வீட்டுக்கு வந்துடு. நான் பாத்துக்கறேன்” என்றார். பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“வந்து? உங்க தம்பி, தம்பி பொண்டாட்டி எல்லாம் இருக்கற வீடு. அங்க நான் யாருன்னு சொல்லுவீங்க?”

அந்த வீட்டில் அக்காவுக்கே ஒரு பீரோ வைக்கிற அளவு இடம்தான் என்பது எங்களுக்குத் தெரியும்.

நாவல் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் வந்த ஒன்று பெட்டி முழுக்கப் பேச்சானது. பேசாத கணவன், காத்திருக்கும் மனைவி. மலைமேல் ஒரு பங்களா. கடைசியில் அவன் வாய் திறக்கிறான். எங்கள் எதிரே உட்காரும் குரோம்பேட்டை டீச்சர் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன பொறுமை பாருங்க அந்தப் பொண்ணுக்கு! அந்தப் பொறுமைக்குத்தான் அவன் இளகினான்.”

பல்லாவரம் கேட்டாள்: “அவனுக்குக் காரணம் ஒண்ணும் இல்லைன்னா, டீச்சர்?”

“அதான் இருக்கே. அவன் முதல் காதலி...”

“அது இல்லைன்னு வெச்சுக்குங்க. சும்மாவே அப்படின்னா?”

டீச்சர் யோசித்தார். “சும்மா அப்படி இருந்தா அது என்ன கதைம்மா? யாரு படிப்பா?” என்று சிரித்தார். அவருக்கு இவள் விஷயம் தெரியாது. பூக்கார அம்மாவும் சிரித்தது. பல்லாவரமும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம் நான் நாவலைக் கிழிக்கப் போனபோது, “எனக்கு வேண்டாம்க்கா, நீங்க ரெண்டு பேரும் படிங்க” என்றாள். தலை வலிக்கிறது என்று சொன்னாள். பிறகுதான் தெரிந்தது, உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வேலையை விட்டாள். குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அக்கா கூடச் சொன்னார்.

எனக்கும் கல்யாணமாகி, வேலை மாறி, வேறு நேரத்து ரயிலுக்குப் போய்விட்டேன். அக்காவோடு மட்டும் தொடர்பு இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தேன். பழைய நாற்காலிகள், மிக்ஸிகள் விற்கிற வரிசையில் எங்கள் பல்லாவரத்தைப் பார்த்தேன். உடம்பு பெருத்திருந்தது. நான்தான் போய்க் கையைத் தொட்டேன். அடையாளம் தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறாள். மாமியார் தவறிப்போய்விட்டார்.

“அவர் இப்ப எப்படி? பேசறாரா?”

“அப்படியேதான்.” நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, “இப்ப நானும் பேசறதில்ல, பழகிடுச்சு” என்றாள்.

“படிக்கறியா ஏதாவது?”

“டிவி போட்டு வெச்சிடுவேன்க்கா. பாக்கறதில்ல. சத்தம் இருக்கணும்ல.”

அதற்குள் அவர் வந்துவிட்டார். நல்ல உயரம்தான். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவள் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் “வரேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனாள். கூட்டத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் ஆட்கள் புகுந்துபோனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் வேகமாக நடக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சானடோரியம் போய் அக்காவிடம் சொன்னேன்.

“பையை அவனாவே வாங்கிக்கிட்டானா?” என்று கேட்டார்.

“ஆமா. கேக்காமயே வாங்கிட்டார்.”

உள்ளே தம்பி மனைவி எதற்கோ கூப்பிட்டாள். அக்கா எழுந்துகொண்டே, “சந்தையில பாத்தவங்கள்லாம் நல்லவன்னுதான் சொல்லியிருப்பாங்க” என்றார். காப்பி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.