நாற்பத்தோராம் இலக்கத் தகர டப்பி

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு வட்டத் தகர டப்பி கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூடியில் ஒட்டிய தாளில் 41 என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கும்; மை மங்கித் தவிட்டு நிறமாகிவிட்டது. போன வாரம் அலுமாரியைத் துடைத்த மருமகள், "மாமா, இது காலியாத்தானே கெடக்கு, ஊசி நூலு போட்டு வச்சிக்கவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது என் மதினிக்காக நான் இலக்கம் எழுதிய டப்பி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதி அது. தெல்தோட்டைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கண்டியிலிருந்து கொக்கிப்புழு ஒழிப்புக்காரர்கள் வந்தார்கள். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களின் பாதம் வழியே ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும் புழு. எங்கள் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் கக்கூஸ் கட்டினார்கள். ஒவ்வொருவரும் ஒரு டப்பியில் மலம் கொடுக்க வேண்டும். அதைக் கண்டியில் சோதித்து, புழு இருந்தால் மட்டும் மருந்து. டப்பிகளைக் கொடுத்து வாங்கவும் பெயரும் இலக்கமும் எழுதவும் ஆள் தேவைப்பட்டது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது. பத்தொன்பது வயது. எங்கள் குடும்பத்தில் காதில் பென்சில் செருகிய முதல் ஆள் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன், மதினி, நான் மூவரும் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் இருந்தோம். கல்யாணமாகி வந்த புதிதில் மதினி பாட்டுப் படித்துக்கொண்டே மலை ஏறுவாள். இரண்டு வருடத்தில் அவள் உதடு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஏறும் படிகளில் இரண்டு இடத்தில் உட்காருவாள். சுவர் மண்ணைச் சுரண்டி வாயில் போடுவாள். நான் பார்த்துவிட்டால், "ருசியா இருக்கு தம்பி, நீங்களும் கொஞ்சம் தின்னு பாருங்க" என்று சிரிப்பாள்.

டப்பி வாங்கப் போன காலையில் ஆண்கள் கேலி பேசிக்கொண்டே கையில் கொடுத்தார்கள். பெண்கள் முந்தானைக்குள் மறைத்து வந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார்கள். மதினி சேம்பிலையில் சுற்றி, நான் பார்க்காத நேரத்தில் என் பெட்டிக்குள் வைத்திருந்தாள். கண்டியிலிருந்து முடிவு வந்தபோது எங்கள் லயத்துப் பெண்களில் பலருக்குப் புழு இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் மருந்தையா யாழ்ப்பாணத்தவர். "உங்கட லயத்துப் பெண்டுகள் நல்ல சுத்தக்காரர் தம்பி" என்று மெச்சினார். அண்ணனுக்குப் புழு இருந்தது. பட்டினி போட்டு மருந்தும் பேதி உப்பும் கொடுத்தார்கள். சில மாதத்தில் தேறிவிட்டான். மதினி இன்னும் வெளுத்துக்கொண்டே போனாள். தாளில் 'இல்லை' என்று இருந்தது, நானும் இல்லை என்றே நம்பினேன். எதிரே சோறு போட்டுக்கொண்டிருந்தவளின் முகத்தை நம்பவில்லை. படித்த மடையன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் என்னைச் சொல்லலாம்.

அவள் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது கால் இரண்டும் வீங்கின. "ஒங்களுக்குப் புழு இல்லையே மதினி, இது வேற என்னமோ" என்றேன். அவள் மூச்சு வாங்கும் வரை சிரித்தாள்.

"அது என்னோடது இல்ல தம்பி. பக்கத்துக் காம்பரா கைப்புள்ளையோடது. நாங்க அஞ்சாறு பேரும் அதுலதான் எடுத்தோம். கொழுந்தன் கையில அதக் கொண்டாந்து குடுப்பாளா ஒருத்தி? மானம் போயிராதா?"

மண்ணில் இன்னும் கால் பதிக்காத பால்குடிக் குழந்தை. அதற்கு எங்கிருந்து புழு வரும்? அந்த லயத்தில் நான் எல்லாருக்கும் தம்பி, கொழுந்தன், இல்லாவிட்டால் மருமகன். வேற்றூர் ஆள் யாராவது வந்து கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

மருந்தையாவிடம் ஓடினேன். அவர் கதிரையில் சாய்ந்தார். "விளங்குது தம்பி. ஆனா பிள்ளைத்தாச்சிக்கு அந்த மருந்து குடுக்கேலாது. குடுத்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. பெத்து எழும்பட்டும், பாப்பம்." அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவுக்குள் அந்த மருந்துப் போத்தல்கள் வரிசையாகத் தெரிந்தன. எனக்குக் கிடைத்தது ஒரு போத்தல் இரும்புச் சத்து மருந்து. முருங்கைக்கீரை எங்கே கிடைத்தாலும் பறித்து வந்தேன். அவள் எல்லாவற்றையும் சொன்னபடி குடித்தாள், சொன்னபடி தின்றாள். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நிறைமாதத்துக்கு முன்பே வலி கண்டது. பிள்ளை அழவில்லை. சிந்துவதற்கு மதினி உடம்பில் இரத்தமும் மிச்சமில்லை. விடிந்து வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. டப்பி விஷயத்தை அண்ணனிடம் நானே சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் ஒழிப்புக்காரர்கள் மறுபடி வந்தார்கள். பெண்களின் டப்பியை மருத்துவச்சிதான் வாங்க வேண்டும் என்று மருந்தையாவிடம் கெஞ்சினேன், அவரும் ஒத்துக்கொண்டார். இந்த முறை எங்கள் லயத்துப் பெண்கள் அநேகமாக எல்லாருக்கும் புழு இருந்தது, மருந்தும் கிடைத்தது. ஆனால் தோட்டக் கணக்கு எழுதும் கந்தோரில் தந்தது பழைய பெயர்ப்பட்டியல். வரிசையாக எழுதிக்கொண்டே போனவன் 41 எழுதி, ஒட்டி, மூடியும் விட்டேன். அதன் பிறகுதான் மதினியின் பெயரைப் பார்த்தேன்.

போன மாதம் வயிற்று வலிக்காகக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு சின்னத் தாதிப் பெண், என் பேத்தி வயது, பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை மலச் சோதனைக்கென்று தந்து, "தாத்தா, நாளைக்குக் காலைல இதுல எடுத்துட்டு வாங்க" என்றாள். கொண்டுபோனேன். காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். அவள் கையை நீட்டினாள். பையிலிருந்து என் கை வெளியே வரவேயில்லை. "இன்னைக்கு வரலம்மா" என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இப்போது அந்தப் போத்தலும் கழுவிய நிலையில் டப்பியின் பக்கத்தில் இருக்கிறது. எண்பதை நெருங்கும் கிழவன் நான். மதினிக்கு அப்போது இருபத்திரண்டு வயது; கையை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றவன் நான்.