கடலடியில் அண்ணாந்த முகங்கள்

காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அவர் பாடு என்ன ஆகும்? பிள்ளையார்பாளையத்துப் பஞ்சாட்சரம் ஒன்பது வருடம் அப்படித்தான் நடந்தார். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோபுரம் எதிரே வந்து நிற்கிற ஊர். மனிதர் தரையைப் பார்த்தே நடந்து சைக்கிளில் மோதி, மாட்டில் மோதி, ஒருமுறை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார். கோபுரங்கள் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவர்தான் ஒரு கோபுரத்துக்குச் செய்திருந்தார்.

நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறியில் உட்காராமல் சுதை வேலைக்குப் போனவர் அவர். செங்கல்லும் கலவையும் கொண்டு கோபுரத்துப் பொம்மைகளைச் செய்கிற வேலை அது. அதற்கென்று ஒரு முறை உண்டு. சாரத்தில் உட்கார்ந்து, பொம்மையை அது நிற்கப்போகிற இடத்திலேயே செய்ய வேண்டும். கூட்டாளி ஒருவர் கீழே தெருவில் நின்று, "மொகத்த இன்னும் கொஞ்சம் குனியவைப்பா" என்று கத்திக்கொண்டிருப்பார். தெருவில் நின்று கும்பிடுகிறவருக்கு முகம் தெரிய வேண்டாமா?

தொண்ணூற்று நாலில் ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு சின்னக் கோவில். கும்பாபிஷேகத் தேதி நெருங்கிவிட்டது. "கீழயே கொட்டாய் போட்டுச் செஞ்சி மேல ஏத்திடலாம்" என்று சொன்னவர் பஞ்சாட்சரம்தான். துவாரபாலகர்களும் பூதகணங்களும் ஆள் உயரத்துக்கு எழுந்தார்கள். முகம் செய்யும்போது முக்காலி போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டார். அவர் மேலிருந்து பார்க்க, அவர்கள் கீழிருந்து அவரைப் பார்த்தார்கள். அதுவரை அவர் கையில் அத்தனை உயிரோடு முகம் வந்ததே இல்லை. அந்தக் கிறக்கத்தில், இவற்றைப் பார்க்கப்போகிற ஊர் கீழே நிற்கும் என்பது அவருக்கு அடியோடு மறந்துபோயிற்று.

மேலே ஏற்றியதும் தெருவே சிரித்தது. கீழிருந்து பார்த்தால் தாடையும் மூக்குத் துவாரமும்தான் தெரிந்தன.

"இன்னா மேஸ்திரி, மழ வருதான்னு பாக்கறதுக்கா நிக்க வெச்சிக்கிற?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

அவசர அவசரமாக இறக்கினார்கள். இறக்கும்போது ஒன்றுக்கு விரல் போயிற்று, இன்னொன்றுக்கு மூக்கு போயிற்று. பின்னமான சிலையைக் கோவிலிலும் வைக்கக்கூடாது, வீட்டிலும் வைக்கக்கூடாது. தண்ணீரில் சேர்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். லாரியில் ஏற்றிக் கடலோரக் குப்பம் ஒன்றுக்குக் கொண்டுபோய், படகில் வைத்துக் கடலில் இறக்கிவிட்டார்கள். பஞ்சாட்சரம் கூடப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தார்.

அதன்பிறகு காம்பவுண்டுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, குளியலறைத் தளம் என்று வயிற்றுப்பாடு கழிந்தது. முகம் மட்டும் செய்வதில்லை. கேட்டு வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தார். அவருடைய மனைவி நீலாம்பாள் மட்டும் தறியில் உட்கார்ந்தபடி, "களிமண்ணுல ஒரு புள்ளையாராவது புடிங்களேன்" என்று ஒவ்வொரு சதுர்த்திக்கும் சளைக்காமல் கேட்டுவந்தாள். அவர் கடையில் வாங்கிவந்து கொடுப்பார்.

இரண்டாயிரத்து மூன்று மாசியில் சின்னப்பையன் அவர் வீடு தேடி வந்தார். பெயர்தான் அப்படி, ஐம்பதைத் தாண்டிய மீனவர். அன்றைக்குச் சிலைகளை இறக்கிய படகு அவருடையது. மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர், பொம்மை செய்தவர் யார் என்று நாலு இடத்தில் விசாரித்து வந்துவிட்டார்.

"உன் பொம்மைங்க கிட்ட மீனு மொய்ச்சிக்கினு இருக்குது மேஸ்திரி. வெள்ளக்காரங்ககூட கண்ணாடி மாட்டிக்கினு எறங்கிப் பாத்துட்டு, மியூசியம்னு பேரு வெச்சிட்டாங்க. இன்னும் நாலு செஞ்சி குடுப்பா. எங்க குப்பமே உன்ன கும்புடும்."

"நான் மொகம் செய்யறதில்ல."

"வந்து பாக்கவாவது பாரு."

"அந்த அவமானத்த இன்னொரு தபா வேற பாக்கணுமா?"

தறிச் சத்தம் நின்றது. "போய்ப் பாத்துட்டு வாங்க. பாத்தப்புறமும் வேணாம்னா, இந்த ஜென்மத்துல உங்கள நான் கேக்கமாட்டேன்" என்றாள் நீலாம்பாள்.

அவருக்குச் சுருக்கென்றது. கேட்கிறாளே என்று இத்தனை நாள் சலித்துக்கொண்டவருக்கு, இனிக் கேட்பதற்கும் ஆள் இருக்காது என்பது பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சின்னப்பையனின் படகில் ஏறினார். மீன் வாசமே ஆகாத சைவக் குடும்பம். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீச்சல் சின்ன வயதில் சர்வதீர்த்தக் குளத்தில் பழகியது. கரை மெலிந்து கோடாகிவிட்ட இடத்தில் சின்னப்பையன் நங்கூரம் போட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, "கவுத்தப் புடிச்சிக்கினு மொகத்த மட்டும் தண்ணியில வையி" என்றார்.

முதலில் வெறும் பச்சை வெளிச்சம். பிறகு, கீழே, ஒரு முகம். அது அவரையே பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, பக்கத்தில் மற்றொன்று. கனத்த பீடம் மணலில் புதைந்திருக்க, அத்தனை பேரும் நின்றபடி அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து வருகிறவருக்கென்றே செய்தாற்போல ஒரு முகம்கூட மறையவில்லை.

மூக்கு போன துவாரபாலகருக்கு அந்த இடத்தில் சிப்பிகள் அடைந்து புது மூக்கு முளைத்திருந்தது. கதாயுதத்தைப் பிடித்த கையின் இடுக்கில் நீண்ட மீசையோடு ஏதோ ஒன்று உட்கார்ந்து மீசையை ஆட்டியது. பூதகணம் ஒன்றின் காதில் கருந்திராட்சைக் குலை மாதிரி முட்டைகள் தொங்கின. இன்னொரு பூதத்தின் திறந்த வாய்க்குள் புள்ளி போட்ட பெரிய மீன் ஒன்று பின்பக்கமாகவே போய் அமர்ந்துகொண்டு, வாசல் காக்கிற தோரணையில் முறைத்தது. சிறுமீன் கூட்டம் ஒன்று எங்கிருந்தோ வந்து துவாரபாலகரை வலம் சுற்றிவிட்டுப் போயிற்று. அவருக்கு ஒன்றின் பெயரும் தெரியாது. இத்தனை உயிர்களும் என் கை வேலையிலா குடியிருக்கின்றன என்று நினைத்தார். தன்னை மறந்து கைகூப்பினார். கயிறு நழுவி, இரண்டு மடக்கு உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து, இருமி முடித்து, மறுபடியும் முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டார். சின்னப்பையன் மூன்று தடவை கூப்பிட்டும் ஏறவில்லை.

ஒருவழியாகப் படகில் ஏறியவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே எட்டிப் பார்த்தபடி வந்தார். குப்பத்துக் குடிசைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்ததும் சின்னப்பையனிடம் கேட்டார்.

"ஏம்பா, மீனு எங்க நின்னு பாக்கும்?"

"அதுக்கு ஏது மேஸ்திரி எடம்? மேல, கீழ, பக்கத்துல, பின்னால, எங்கேர்ந்து வேணா பாக்கும்."

பஞ்சாட்சரம் ஈரக் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நாலு பக்கமும் மொகம் வெக்கணும்" என்றார்.