ஆடியில் தொடங்கிய கணக்கு

ஆடி பிறந்த அன்று காலை, போடி பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு ஜீப் மட்டும் புறப்படாமல் நின்றது. மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு டிரைவரைச் சீண்டினார்கள்.

"கொழுந்தனாரே, பொண்டாட்டி பஸ்சு கிளம்புனாத்தான் நம்ம ஜீப்பு கிளம்புமோ?"

டிரைவர் மாரீஸ்வரன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே நின்ற ராசிங்காபுரம் பஸ்ஸில் அவன் மனைவி சூர்யகலா தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட முடியவில்லை. புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். சூர்யகலா அதற்காகக் கண்ணைக் கசக்கவில்லை. ஒரு மாதம் அம்மா கைச்சோறு, கசக்கவா போகிறது?

அவள் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோரில் வேலை பார்ப்பவள். ஒரு காயைக் கையில் எடுத்தால் எந்தக் குவியல் என்று உடனே முடிவு செய்வாள். போட்டதைத் திருப்பி எடுத்து இன்னொன்றில் போட்டதை யாரும் பார்த்ததில்லை.

ஆவணி முதல் நாள் திரும்பி வந்தாள். புரட்டாசி நடுவில் சோறு பிடிக்காமல் போனது. மாமியார் பேச்சி, மலைக்குக் காய் எடுக்கப் போகாமல் அன்றைக்கு லீவு போட்டு, அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். நர்ஸ் தமிழ்செல்வி சோதித்துப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எட்டு வாரம் ஆச்சு. சித்திரை கடைசில எதிர்பாக்கலாம்."

பேச்சியின் முகம் சுருங்கியது. வீட்டைப் பார்க்க விறுவிறுவென்று நடந்தாள். மாரீஸ்வரன் வாசலில் ஜீப் கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்பு, இவ ஆடி முடிஞ்சு வந்து எத்தன வாரம்?"

"ஒரு ஆறு இருக்கும். ஏம்மா?"

"ஆறு சனிக்கிழமை. சம்பளம் வாங்குற சனிக்கிழமை எனக்கு மறக்காது. நர்சு எட்டு வாரங்கிறா. மிச்சம் ரெண்டு வாரம் எந்த ஊருக் கணக்கு?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மாரீஸ்வரன் மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"நான்தான்மா. ஆடியில ஒரு நாள் லோடு எறக்கிட்டு, ராசிங்காபுரம் போயிட்டு வந்தேன்."

பேச்சிக்குப் பாதி உயிர் திரும்பியது. இந்தத் திருட்டு எல்லா வீட்டிலும் நடப்பதுதான். திட்டிவிட்டுச் சிரித்துவிடலாம்.

"பொய் சொல்லாதீக மாமா," என்றாள் சூர்யகலா. "நீங்க வரல."

"ஏய், சும்மா இரு புள்ள. சோலி முடிஞ்சிச்சு."

"எங்க முடிஞ்சிச்சு? அத்தை நம்பிருவாக. நீங்க வரலைன்னு உங்களுக்குத் தெரியும்ல? அந்த ரெண்டு வாரம் உங்க மனசுலல்ல வந்து உக்காந்துக்கும்?" அவள் குரல் உயரவில்லை. "நான் தப்புப் பண்ணல. அப்ப கணக்குலதான் என்னமோ இருக்கு. நாளைக்கு மூணு பேரும் போயிக் கேப்போம்."

மறுநாள் போனார்கள். தமிழ்செல்வி கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"அம்மா, புருஷன் பொண்டாட்டி சேர்ந்த நாள யாரு எண்ணுனா? கடைசியா மாசவிலக்கு வந்து தூரமான மொத நாள்ல இருந்து எண்ணுறது. கரு தங்குறது அதுக்குப் பெறகு, கிட்டத்தட்ட ரெண்டு வாரம் கழிச்சு. எந்தப் பொண்ணு வந்தாலும் இந்த ரெண்டு வாரம் கூடத்தான் இருக்கும்."

"வயித்துல புள்ளையே இல்லாத நாள எதுக்குத் தாயி புள்ளைக் கணக்குல சேக்குறீக?" பேச்சி விடவில்லை.

சூர்யகலா குறுக்கே பேசினாள். "அத்தை, காய் என்னைக்குப் பிஞ்சு புடிச்சதுன்னு பாத்தா நாள் எண்ணுறீக? போன தடவ காய் எடுப்பு முடிஞ்ச நாளுதானே உங்களுக்குத் தெரியும்? அதுல இருந்துதானே அடுத்த எடுப்புக்குப் போறீக?"

பேச்சி மருமகள் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "உனக்கு ஆடியில எப்ப?" என்றாள்.

"பதினெட்டாம் பெருக்கு முடிஞ்ச நாலாம் நாள். எங்கம்மாவக் கேளுங்க."

பேச்சி விரல் மடக்கினாள். ஆடி தீர்ந்தது, ஆவணி தீர்ந்தது, எட்டு வாரம் சரியாக வந்தது. ஆனாலும் ஒன்று இடித்தது. "பத்து மாசம்னுல்ல சொல்லுவாக? ஆடியில இருந்து எண்ணுனா சித்திரைக்கு ஒம்பதுதான் வருது."

"மொத்தம் நாப்பது வாரம். நாலு வாரத்த ஒரு மாசமா வச்சா பத்து. காலண்டர்ல பாத்தா ஒம்பது மாசம், மேல ஒரு வாரம். ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் தமிழ்செல்வி. "தேதியும் குத்துமதிப்புத்தான். ஒண்ணு ரெண்டு வாரம் முன்ன பின்ன ஆகும். சித்திரைன்னு இப்பவே பயப்படாதீக."

அதுவரை சுவரைப் பார்த்து நின்ற மாரீஸ்வரன் திரும்பினான். முகம் கழுவிவிட்டது போல இருந்தது. முந்தின ராத்திரி அவனுக்குள்ளும் ஒரு துளி சந்தேகம் விழுந்திருக்கிறது என்று சூர்யகலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. கேட்க இனி ஒன்றும் இல்லை.

வைகாசி பிறந்து நாலைந்து நாளில் பெண்பிள்ளை பிறந்தது. பேச்சி மருந்து இடித்துக் கொடுத்தாள், வெந்நீர் ஊற்றினாள், பேத்தியைக் கீழே விடவில்லை. அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு காய் எடுக்கும் காலத்தில் மலையிலேயே, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தங்கிக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மத்தியானம் ஸ்டோரில் இருந்தபோது சூர்யகலாவின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பேச்சியின் குரல், மூச்சிரைத்தது.

"சூர்யா, இங்க லயத்துல ஒருத்தி, ஆடிக்குப் போயிட்டு வந்த மருமகள நிப்பாட்டிக் கேள்வி கேக்குறா. நான் குறுக்க போயி நின்னுட்டேன். எண்ண வேண்டியது தூரமான மொத நாள்ல இருந்தா, தூரம் முடிஞ்சு தலைக்கு ஊத்துன நாள்ல இருந்தா? நான் மாத்திச் சொல்லிட்டா அந்தப் புள்ள பாடு போச்சு ஆத்தா. வெரசா சொல்லு."