நோட்டில் ஒட்டிய சிவப்புப் பொட்டு

தென்னூரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் பேனா வாங்க நின்றபோதுதான் அந்த யோசனை தோன்றியது. கண்ணாடிக்குள் வட்ட வட்டமாகச் சிவப்பு ஸ்டிக்கர்கள், ஒரு சுருள். எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் கணினிப் பதிவு வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம். மருந்து சாப்பிடுகிறவர்களில் யாருக்கு உயிர் ஆபத்து அதிகம் என்பதை, எடை, ரத்தப் பரிசோதனை, மருந்து வாங்கத் தவறிய தேதி இவற்றை வைத்து முன்கூட்டியே சொல்லும் ஒரு கணக்கை எழுதி முடித்திருந்தேன். ஆபத்தில் இருப்பவர் கையோடு கொண்டுவரும் சிகிச்சை நோட்டில் ஒரு பொட்டு ஒட்டிவிட்டால் டாக்டர் அவரை முதலில் பார்ப்பாரே. புள்ளியியல் படித்த எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பூக்கார அக்காவுக்கும் பொட்டு வைக்கச் சொன்னது கணக்கு. மூன்று முறை தேதி தவறியிருந்தார். ஒட்டினேன். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. என் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

பெஞ்சில் காத்திருப்பவர்கள் என்னைவிடக் கூர்மையானவர்கள். பொட்டு வைத்த ஒருவர் இறந்துபோனதும் அர்த்தத்தை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். நோட்டை முந்தானையில் மறைத்தபடி அக்கா என் மேசைக்கு வந்தார்.

“ஏன் தம்பி, எனக்கு எப்போன்னு போட்டிருக்கு?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானோ திரையைத் திருப்பி, அவர் பிழைத்திருக்கும் வாய்ப்பைக் காட்டும் கோடு எப்படிச் சரிகிறது என்று விளக்கினேன். பெருமையாக. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

“நல்லா படிச்சிருக்கீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் வரவில்லை.

கவுன்சலர் மேடம் அவரைப் போனில் பிடித்துப் பேசிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. திருவிழா வந்தால் அக்கா வீடு நிறைய, நோய் விஷயம் தெரியாத உறவுக்காரர்கள். அவர்கள் கிளம்பும்வரை மையத்துக்கு வர முடியாது. ஆனால் ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்லை. மையத்தில் கூடுதலாகக் கொடுத்தனுப்பும் சில நாள் மாத்திரையைப் பூக்கூடைக்கு அடியில் வைத்து ஓட்டியிருக்கிறார்.

“இப்பதான் விட்டுட்டாங்க,” என்றார் மேடம். “அதான் அந்தத் தம்பி நாள் குறிச்சிட்டாரே, இனிமே மாத்திரை எதுக்குன்னு கேக்கறாங்க. உங்க கணக்கு தப்பாதான் இருந்துச்சு தம்பி. இப்ப நீங்களே அத பலிக்க வச்சிட்டு இருக்கீங்க.”

இன்று மையத்துக்கு வந்தவர்களின் நோட்டுகளில் இருந்த பொட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை மட்டும் போகவில்லை. அக்காவின் நோட்டு அவரிடமே இருக்கிறது. மையத்துக்கு வரமாட்டாராம், தெரிந்த முகம் இல்லாத முக்கொம்பு பூங்காவுக்கு நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேடம் மாத்திரையோடு போகிறார். நானும் கூடப் போகிறேன், மடிக்கணினி இல்லாமல். அவர் கொடுத்தால் அந்த நோட்டை வாங்கி, அவர் பார்க்கவே பொட்டைச் சுரண்ட வேண்டும். பிறகு, “மறுபடி ஆரம்பிக்கறீங்களா அக்கா?” என்று மட்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.