ஜன்னலில் கேட்ட பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. பேச்சு வராதவர்களுக்கும் பாட்டு வரும் என்று காரைக்காலில் ஒரு டீச்சர் ஆர்மோனியம் வைத்து வைத்தியம் செய்தாள். எனக்கு நம்பிக்கையே இல்லை. எங்கள் ஊர் நெரவியில் பஸ் ஏறும் முன் மனுஷன் பவுடர் வேறு பூசிக்கொள்வார். வைத்தியத்துக்கு எதற்குப் பவுடர்? அவளோ என்னை வாசலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒருநாள் பொறுக்காமல் ஜன்னலில் காதை வைத்தேன். “ரா...ஜா...மணி” என்று இழுத்துப் பாடினார்.

ராஜாமணி என் மாமியார் பேர். எனக்கும் அதே பேர்தான். மாமியார் பேரைச் சொல்லி மருமகளை ஏவக்கூடாதென்று கல்யாணத்தன்றே என்னைப் ‘பாப்பா’ ஆக்கிவிட்டார்கள்.

கதவைத் தள்ளினேன். “செத்துப்போன மாமியாரை ஏன் கூப்பிட வைக்கிறீங்க?”

“பெத்த தாயை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?” என்றாள் டீச்சர். “முதல்ல எந்த வார்த்தை வேணும்னு கேட்டேன். வாசல்ல இருந்த உங்களைக் கைகாட்டினாரு. முதல் நாள் சீட்டுல நீங்க எழுதிக்கொடுத்த உங்க பேரைத்தான் சொல்லிக்கொடுத்தேன். முழுசா வர்ற வரைக்கும் உங்களை உள்ளே விடவேண்டாம்னு ஜாடை வேற.”

அவர் மறுபடி பாடினார். “என்னங்க?” என்றேன்.

என் சந்தேகம் பொய்யில்லை. கதவுக்குப் பின்னால் ஒருத்தி இருக்கத்தான் செய்தாள். அது நான் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியவில்லை.